ஒரு பழைய ட்ரம்பெட் கைமாறுகிறது

ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. பெண் பார்ப்பது, சீட்டு எடுப்பது, கடன் பைசல் செய்வது, பஞ்சாயத்து பேசுவது எல்லாம் எங்கள் பக்கத்துக் காலனிகளில் அன்றைக்குத்தான். அப்படி ஒரு ஞாயிறு மாலை, பழைய ட்ரம்பெட் ஒன்றின் விற்பனைக்குச் சாட்சியாக இருக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். "நீங்க படிச்சவரு, ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க" என்பதுதான் கோரிக்கை. தமிழில் முதுகலை படித்தவனுக்கு ஊரில் இருக்கும் வேலை இது. மனு எழுத வேண்டும், கல்யாணப் பத்திரிகையில் பிழை திருத்த வேண்டும். அன்றைக்கு ட்ரம்பெட்டுக்குக் கிரயச் சீட்டு.

விற்பவருக்கு வயது 58. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை, முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் ட்ரம்பெட். வாங்க வந்தவருக்கு 23 வயது. ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு. சொந்தத்தில் இருவரும் மாமன், மருமகன் முறை. பெரியவருக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டு விழுந்துவிட்டன. ட்ரம்பெட் ஊதுவது வெறும் மூச்சு வேலை அல்ல. உதடு அதிர வேண்டும், அந்த உதட்டுக்குப் பின்னால் பல் அணைகொடுக்க வேண்டும். முன்பல் போனால் மேல் சுரம் போய்விடும். அதனால்தான் விற்கிறார்.

பழைய கைலி ஒன்றில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தார். மீரட்டில் செய்த ட்ரம்பெட். நிக்கல் முலாம் பாதி போய், பித்தளை தெரிந்தது. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த இளைஞர் முதலில் கேட்டது: "இன்னா மாமா, இவ்ளோ ஒட்டு இருக்குது?"

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு ஒட்டையும் தொட்டுக் கதை சொன்னார். நடு வால்வின் பிஸ்டன் வேறொரு செத்துப்போன ட்ரம்பெட்டிலிருந்து எடுத்துத் தேய்த்துப் பொருத்தியது. எச்சில் தண்ணீர் வடிக்கும் சாவியின் அடியில் கார்க் இல்லை, ஷூ தோல் துண்டு. மூன்றாவது ஸ்லைடின் மேல் விரல் மாட்ட ஒரு வளையம், பிற்பாடு பற்றவைத்தது. சுருதி ஸ்லைடு நீட்டப்பட்டது. ஊதுவாய்க்கு அடுத்த குழாயில் ஒரு விரற்கடை நீளத்துக்குப் பித்தளைத் தகடு சுற்றி ஈயம் வைத்திருந்தது.

5,000 ரூபாய் கேட்டார். பழைய இரும்புக் கடையில் அவருக்குச் சொல்லியிருந்த விலை 450 ரூபாய், எடைக் கணக்கு. இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை.

பித்தளை வந்த வழி

நம் ஊர்க் கல்யாணத்துக்கு இந்தக் கருவி எப்படி வந்தது? தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) தன் அரண்மனையில் மேற்கத்திய பாணி பேண்டு வைத்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தின் பேண்டு மெட்டுகளைக் கேட்டுத்தான் முத்துசுவாமி தீட்சிதர் நோட்டு ஸ்வர சாகித்தியங்களை இயற்றினார். அரண்மனை, ராணுவம், தேவாலயம் என்று மூன்று வாசல் வழியாகப் பித்தளை உள்ளே நுழைந்தது. 1882-ல் இந்தியாவுக்கு வந்த இரட்சணிய சேனை, தெருமுனைப் பிரசங்கத்துக்கே பித்தளை பேண்டைக் கொண்டுபோகும் பழக்கம் உடையது.

உத்தரப் பிரதேசத்தின் மீரட்டும் ராணுவ ஊர்தான். அங்கே ராணுவ பேண்டில் இருந்த நாதிர் அலி 1885-ல் தொடங்கிய நிறுவனம் வளர்ந்து, ஜலி கோட்டி என்ற பகுதியே பேண்டு கருவிகளின் பட்டறைத் தெருவானது. நம் ஊர் பேண்டு செட்டுகளின் கையில் இருக்கும் ட்ரம்பெட்டும் யூபோனியமும் பெரும்பாலும் அந்த ஊர்ச் சரக்கு. இந்திய பேண்டுகளைப் பற்றி கிரகரி பூத் 2005-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நம்மவர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. நாகஸ்வரத்துக்கு ஒரு சாதி உண்டு, தவிலுக்கு உண்டு, பறைக்கு உண்டு. யார் தொடலாம், எங்கே நின்று வாசிக்கலாம், கோயிலுக்குள் எதுவரை போகலாம் என்பது கருவியோடு சேர்ந்தே பிறந்துவிட்டது. பித்தளை பேண்டு கப்பலில் வந்தது. அதற்கு ஊர்க் கட்டளை எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. எங்கள் தாத்தாக்கள் அந்த இடைவெளியில் கைவைத்தார்கள்.

பெரியவரின் அப்பா ஊருக்குப் பறையடித்தவர். எழவு விழுந்தால் ஆள் வரும், போயாக வேண்டும். கூலி என்பது நெல்லோ சாராயமோ, கொடுப்பவர் மனசு. மாட்டேன் என்றால் ஊருக்குள் நடமாட முடியாது. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில், செத்த மாட்டைத் தூக்குவதையும் அதன் இறைச்சியைத் தின்பதையும் கைவிடுங்கள் என்ற அறைகூவல் எழுந்தது. அதே கேள்வி நம் ஊர்களில் பறையைச் சுற்றி எழுந்தது. பல சேரிகளில் பறையைக் கீழே வைத்தார்கள், சில இடங்களில் கொளுத்தினார்கள். அதற்காக அடிபட்டார்கள்.

பறையைக் கீழே வைத்த கைக்கு என்ன கிடைத்தது? சிலருக்குப் பேனா கிடைத்தது. சிலருக்குத் தோல் ஷாப் கிடைத்தது. சிலருக்கு ட்ரம்பெட் கிடைத்தது. "பறை அடிக்கப் போனா எங்கப்பன ஏண்டா வா போன்னாங்க. யூனிபாரம் போட்டு ட்ரம்பெட் எடுத்துக்கினு போனப்போ, மாஸ்டர் எப்போ வருவாருன்னு கேட்டாங்க" என்றார் பெரியவர்.

பறையை இங்கே நான் தாழ்த்தவில்லை. மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது பறைக்காகத்தான். இன்று பறை மேடை ஏறிவிட்டது, பெண்கள் அடிக்கிறார்கள், போராட்டத்தில் முதலில் ஒலிப்பது அதுதான். இழிவு தோலில் இருந்ததில்லை. கட்டாயத்தில் இருந்தது. அந்தக் கட்டாயத்திலிருந்து வெளியே வர ஒரு தலைமுறைக்குப் பித்தளை உதவியது.

பார்த்து வாங்குவது எப்படி

இளைஞருக்கு ஊதத் தெரியும், கருவி பார்க்கத் தெரியாது. பெரியவரே சொல்லிக்கொடுத்தார். விற்கிறவரே வாங்குகிறவருக்குக் குறை கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்த வியாபாரத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வால்வு. ட்ரம்பெட்டில் மூன்று வால்வு. நடு வால்வு சுரத்தை அரைக்கட்டை இறக்கும், முதல் வால்வு ஒரு கட்டை, மூன்றாவது ஒன்றரைக் கட்டை. வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை வெளியே இழுத்தால், கழன்று வரும்போது 'டப்' என்று சத்தம் வரவேண்டும். வந்தால் பிஸ்டன் இறுக்கமாக இருக்கிறது, காற்று கசியவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் பிஸ்டன் தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொரு பழைய ட்ரம்பெட் வாங்கலாம்.

அடுத்து ஊதுவாய்க்கு அடுத்த குழாய். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. மஞ்சள் பித்தளையில் ஏறத்தாழ 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். எச்சிலின் ஈரம் உள்ளேயே தங்கினால் துத்தநாகம் மெல்ல அரித்துப்போய், செம்பு மட்டும் கடற்பஞ்சு மாதிரி நிற்கும். வெளியே இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரியும்போது உள்ளே குழாய் ஏற்கெனவே மக்கியிருக்கும். அதன் மேல் தகடு சுற்றி ஈயம் வைப்பது கொஞ்ச நாளுக்குத்தான் தாங்கும். குழாயையே மாற்ற வேண்டும். தான் ஒட்டிய தகட்டைக் காட்டி, "இது ரெண்டு சீசன் தாங்கும்டா, அதுக்கு மேல சொல்ல முடியாது" என்றார்.

இன்னொரு விஷயம் எங்கள் தோல் மண்டலத்துக்கென்றே உள்ளது. தோல் ஷாப்பில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். பிறகு சுண்ணாம்பை எடுக்க அம்மோனியம் உப்பு. இரண்டும் பித்தளைக்கு ஆகாது. சல்பைடு நெடி பட்டால் கறுக்கும். அம்மோனியா அதைவிட மோசம், வளைத்து அடித்த பித்தளையில் வெடிப்பு விழவைக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்பதை 1921-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பெரியவருக்கு அந்த ஆய்வு தெரியாது. ஆனால் ட்ரம்பெட்டை ஒருநாளும் அவர் ஷாப்புக்குக் கொண்டுபோனதில்லை. வேலைத் துணி தொங்கும் சுவரில் அதை மாட்டியதும் இல்லை. இருபது வருட வாசனை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது. பித்தளையையே வெடிக்கவைக்கும் காற்றை அந்த ஷாப்பில் மனிதர்கள் எட்டு மணி நேரம் சுவாசிக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

கடைசியாகச் சுருதி. ட்ரம்பெட்டின் குழாயை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 148 சென்டிமீட்டர் வரும். வால்வு எதுவும் அழுத்தாமல் ஊதினால் ஆறரைக் கட்டை. பழைய சரக்கு வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920-களின் இறுதிவரை உயர்ந்த சுருதியில் வாசித்தன. பித்தளை பேண்டுகள் 1960-களின் நடுப்பகுதிவரை அதையே பிடித்துக்கொண்டிருந்தன. இன்றைய கீபோர்டின் சுருதி 440 என்றால் அது 452. அரைக்கட்டை தூரத்தில் ஏறத்தாழ பாதி அதிகம். அந்தக் காலக் கருவி பார்க்க அழகாக இருக்கும், எழுத்து வெட்டு பிரமாதமாக இருக்கும், கீபோர்டோடு சேர்த்து ஊதினால் பல் கூசும். அதைச் சரிக்கட்ட ட்ரம்பெட் குழாயில் மொத்தம் 4 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். பெரிய ஸ்லைடை மட்டும் நீட்டினால் போதாது, மூன்று வால்வு ஸ்லைடுகளையும் அதே கணக்கில் நீட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு சுரம் சேரும், அடுத்த சுரம் விலகும். பெரியவருடையது பழைய உயர் சுருதிக் கருவி அல்ல. கொஞ்சம் தூக்கலாக வார்த்துவிட்ட மீரட் சரக்கு. ஸ்லைடை நீட்டிச் சரிசெய்திருந்தார். கைப்பேசியில் சுருதிப் பெட்டி செயலியைப் போட்டு வைத்து ஊதிப் பார்த்தோம். சேர்ந்தது.

ஒட்டு என்றால் என்ன

இவ்வளவு வேலை செய்த கருவிக்கு விலை கூடுமா, குறையுமா? சந்தையில் குறையும். 'ஒட்டுப்போட்டது' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள்.

சாக்ஸபோனைப் பாருங்கள். பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை வாங்கிய கருவி. மங்களூரு பக்கத்தில் 1949-ல் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு மயங்கி, கர்நாடக சங்கீதத்தின் கமகம் பேசுவதற்காக அதன் சாவிகளில் மாற்றங்கள் செய்தார். 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார், 2004-ல் பத்மஸ்ரீ பெற்றார். அது பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. ஆனால் சபாவில் செய்தால் 'புதுமை' என்று பெயர் பெறும் அதே காரியம், காலனியில் செய்தால் ஏன் 'ஒட்டு' ஆகிறது? சாக்ஸபோன் சாவிகளின் அடியில் காற்று புகாமல் அடைக்கும் பஞ்சு வில்லைக்கு மெல்லிய ஆட்டுத்தோல்தான் போர்த்துவார்கள். அந்தத் தோலைப் பதனிடும் ஊர்தான் எங்களுடையது. தோலின் தடிமனை விரல் நுனியில் சொல்லக்கூடியவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கார்க் தேய்ந்த இடத்தில் ஷூ தோலை வெட்டி வைத்தது வழியில்லாமல் செய்த காரியம் மட்டுமல்ல. அது கைத்திறன். ஊதிப் பார்த்தோமே, சொட்டுக் காற்று கசியவில்லை.

எச்சில் விஷயம் ஒன்று உண்டு. பழைய ட்ரம்பெட் வாங்குவது என்றால் இன்னொருவர் வாய் வைத்த இடத்தில் வாய் வைப்பது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குவளைக்கே இரண்டு வாய் ஆகாத நாட்டில் இந்தக் கருவி வாயிலிருந்து வாய்க்குத்தான் கைமாற முடியும். இந்த ட்ரம்பெட்டைப் பெரியவர் வாங்கியது வாணியம்பாடியில் ஒரு இஸ்லாமியரிடம். அவருக்கு முன்னால் ஒரு பாதிரியார் வீட்டுப் பையன் வைத்திருந்தானாம். மவுத்பீஸைக் கையில் எடுத்த இளைஞரிடம் பெரியவர் சொன்னார்: "சோப்பு போட்டு வெந்நீர்ல கழுவிட்டு ஊது. வியாதி இருந்தா ஒட்டிக்கும்." கழுவுவது வேறு, தீட்டுப் பார்ப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பெரிய படிப்பு படித்தவர்களுக்கு இன்னும் விளங்கவைக்க முடியவில்லை.

கையில் பில் இல்லாதவன்

ஏன் பேப்பர் எழுத வேண்டும்? சொந்தக்காரர்களுக்குள் நடக்கும் வியாபாரத்துக்குச் சீட்டு எதற்கு? காரணம் இளைஞருக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் கல்யாண ஊர்வலம் முடிந்து இரவு இரண்டு மணிக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தான். முதுகில் யூபோனியம். சோதனையில் நிறுத்தினார்கள். ஊர்ப் பெயர் கேட்டார்கள், தெருப் பெயர் கேட்டார்கள். தெருப் பெயர் சொன்ன பிறகு, "எங்கடா திருடினே?" என்பதுதான் அடுத்த கேள்வி. பில் எங்கே என்றார்கள். மூன்று கை மாறி வந்த கருவிக்கு ஏது பில்? விடியும்வரை உட்காரவைத்தார்கள். காலையில் நாங்கள் நாலு பேர் போய், கல்யாண வீட்டுக்காரரைப் பேசவைத்து அழைத்துவந்தோம். கருவி இரண்டு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. நடுவில் ஒரு முகூர்த்தம் போய்விட்டது.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது, வைத்திருப்பது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 411-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317-ஆம் பிரிவு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, தனக்கு உரிமை இல்லாத பொருளை விற்பவர் பொதுவாக வாங்குபவருக்கு உரிமை கொடுக்க முடியாது. ஆகவே விற்றவர் யார் என்று காட்டும் ஒரு துண்டுக் காகிதம் நம் பையன்களுக்குக் கவசம். வசதியானவர் வீட்டுப் பிள்ளை கிடார் பையை மாட்டிக்கொண்டு போனால் யாரும் பில் கேட்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் காகிதம் இருக்கட்டும்.

சீட்டில் என்ன எழுத வேண்டும்? விற்பவர், வாங்குபவர் பெயர், முகவரி. கருவியின் பெயர், அதில் வெட்டியிருக்கும் நிறுவனப் பெயர், எண் இருந்தால் எண். செய்யப்பட்ட மாற்றங்கள் ஒவ்வொன்றும். தெரிந்த குறைகள். விலை, தேதி. இரண்டு சாட்சிகள். கருவியோடு இருவரும் நிற்கும் ஒரு போட்டோ கைப்பேசியில் இருந்தால் இன்னும் நல்லது. மாற்றங்களை எழுதுவது இரண்டு விதத்தில் உதவும். தெரிந்தே மறைத்து விற்றால் அது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி மோசடி ஆகும். அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. இன்னொன்று, நடு வால்வில் வேறு பிஸ்டன், மூன்றாவது ஸ்லைடில் வளையம் என்று எழுதியிருந்தால், காணாமல்போன கருவியை ஆயிரம் கருவிக்கு நடுவில் அடையாளம் காட்டலாம். ஒட்டுதான் இங்கே கைரேகை.

காகிதம் இல்லாததால் போகும் இன்னொன்று கடன். தாட்கோ 1974 முதல் இருக்கிறது. தொழில் தொடங்க மானியத்தோடு கடன் என்று அறிவிப்பு வருகிறது. ஆனால் கடன் கேட்டுப் போனால் கடைக்காரர் கொடுத்த விலைப்புள்ளி வேண்டும். பழைய ட்ரம்பெட்டுக்கு எந்தக் கடை விலைப்புள்ளி தரும்? தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் கருவியும் உடையும் வாங்க நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தலா 10,000 ரூபாய் வழங்கும் திட்டம் வைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த பேண்டுக்காரர்கள் யாரும் விண்ணப்பித்ததில்லை. தங்களைக் கலைஞர் என்று நினைத்துக்கொள்ளவே அவர்களுக்குக் கூச்சம். கடைசியில் கந்துவட்டி. கருவியின் விலையை வட்டி தாண்டும்போது கருவி எடைக்குப் போகிறது.

இப்போது எடைக்குப் போவது கூடிக்கொண்டிருக்கிறது. கல்யாணத்துக்கு டிஜே வந்துவிட்டது, கேரளத்துச் செண்டை மேளம் வந்துவிட்டது. பத்து பேர் ஊதிய இடத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. காலத்தோடு சண்டை போட முடியாது. ஆனால் ஒரு ட்ரம்பெட் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறும்போது, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பித்தளை மட்டும் அங்கே எடை போடப்படவில்லை. ஒரு குடும்பம் ஊர்க் கட்டளையிலிருந்து வெளியே வந்த வழியும் சேர்ந்து உருகுகிறது.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. ஒன்று, இரண்டாம் கைக் கருவிக்கும் கடனும் உதவியும் கிடைக்க வேண்டும். விலைப்புள்ளிக்குப் பதிலாக, நல வாரியத்தில் பதிவான மூத்த கலைஞர் இருவரின் மதிப்பீட்டை ஏற்கலாம். இரண்டு, பேண்டு வாத்தியக்காரர்களைத் தேடிப்போய் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிவு செய்ய முகாம் நடத்த வேண்டும். அந்த அடையாள அட்டையில் கருவியின் விவரத்தையும் சேர்த்தால் நள்ளிரவுக் கேள்விக்கு அது பதில் சொல்லும். மூன்று, தொழிற்பயிற்சி நிலையங்களில் பற்றவைப்பு படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கருவி பழுதுபார்ப்பு ஒரு குறுகிய பயிற்சியாக வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் ஒன்று மூன்று மாவட்டமாகிவிட்டது. மூன்றில் ஒரு ஆட்சியராவது இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

சீட்டின் கடைசி வரி

விலை 3,500 ரூபாய்க்கு முடிந்தது. 2,000 கையில், மீதி இரண்டு சம்பளத்தில். தகடு சுற்றிய குழாய் உட்பட எல்லா ஒட்டையும் வரிசையாக எழுதினேன். வாசித்துக் காட்டினேன். பெரியவர் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

"இன்னா எழுதணும்?"

"எழவுக்குக் கூப்ட்டா அட்வான்ஸ் வாங்கிக்கினுதான் போவணும். ஊர்ல சொன்னாங்கன்னு சும்மா போவக்கூடாதுன்னு எழுதுங்க."

இதைச் சீட்டில் எழுத வேண்டியதில்லை, சட்டத்திலேயே இருக்கிறது என்றேன். கட்டாய உழைப்பை அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்கிறது. பட்டியலினத்தவரைக் கட்டாய வேலை வாங்குவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது அங்க இருக்கட்டும், இதுலயும் இருக்கட்டும். எங்கப்பன் காலத்துலயும் சட்டம் இருந்துச்சி" என்றார்.

எழுதினேன். வாங்குபவர் கையெழுத்துப் போட்டார். விற்பவர், தோல் ஷாப்புச் சுண்ணாம்பில் ரேகை தேய்ந்த விரலால் கைநாட்டு வைக்கப் போய், பிறகு பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். இளைஞர் குழாயடியில் மவுத்பீஸைக் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த ஞாயிறு முகூர்த்தத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று பேண்டு மாஸ்டருக்குப் போன் போட்டார். அட்வான்ஸ் எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டார்.